வெதுருகுப்பத்து விளக்கு ஊர்வலம்



சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் திருத்தணி, நகரி, புத்தூர் ஆகிய ஊர்களை அறியாதவர் இல்லை. எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்ளச் செல்லும் புத்தூர் அதுதான். அங்கே திருப்பதிப் பாதையை விட்டு மேற்கே கார்வேட்டிநகரம் பக்கமாகத் திரும்பி மேலும் சென்றால் வெதுருகுப்பம் வரும். தெலுங்கில் வெதுரு என்றால் மூங்கில். குப்பம் என்பதற்கு நமக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. ஊரின் பெயரிலேயே இரண்டு மொழிகளும் கைகோத்து நிற்கின்றன. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை கார்வேட்டிநகரத்துச் சீமை வடஆற்காட்டைச் சேர்ந்திருந்தது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. இந்தப் பகுதி ஆந்திராவிலேயே நின்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானபோதும் வெதுருகுப்பம் சித்தூர் மாவட்டத்தை விட்டுப் போகவில்லை. நாங்கள் வீட்டிலே தமிழில் திட்டும், பள்ளியிலே தெலுங்கில் அடியும் வாங்கி வளர்ந்தவர்கள்.

மாந்தோப்பு, கரும்பு, நிலக்கடலை, சுற்றிலும் பாறைக்குன்றுகள், இவ்வளவுதான் ஊர். சுற்றுலா வருகிறவர்களுக்குக் காட்ட ஒன்றுமில்லை. தோத்தாபுரி மாங்காய் பழுக்கும் மாதங்களில் சாலையெல்லாம் லாரிகள் நிற்கும், அவ்வளவே. பிழைப்புக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவர்கள் ஏராளம். எங்கள் சபையிலும் அப்படி வந்த குடும்பங்கள் பல உண்டு. நான் இந்த ஊரைக் குறித்து எழுதத் தூண்டியது அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் நடந்த வீட்டு ஜெபக்கூட்டமே.

அந்த வீட்டின் பேரன் கலிபோர்னியாவில் வேலை பார்க்கிறார். விடுமுறையில் வந்திருந்தார். ஜெபம் முடிந்து தேநீர் வந்த வேளையில், டிஸ்னிலேண்ட் பூங்காவில் தான் எடுத்த ஒரு காணொளியைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினார். மின்விளக்கு அணிவகுப்பு ஒன்று. ‘இதைப் பார்க்காமல் என் பிள்ளைகள் வளர்கிறார்களே, இனி எப்போது நடத்துவார்களோ’ என்று அவர் சொன்னபோது அவர் குரலில் உண்மையான ஏக்கம் இருந்தது.

அந்த அணிவகுப்பின் கதை சுவாரஸ்யமானது. 1972-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி அது முதன்முதலில் டிஸ்னிலேண்டின் பிரதான வீதியில் சென்றது. ஏறக்குறைய 5 லட்சம் சிறு மின்குமிழ்கள். அலங்கார வண்டிகளுக்குப் பின்னே நீண்ட மின்கம்பி கிடையாது. அவை மின்கலங்களைச் சுமந்துகொண்டே ஓடின. ழான்-ழாக் பெர்ரே, கெர்ஷோன் கிங்ஸ்லி என்ற இருவர் 1967-இல் மின்னணுக் கருவிகளில் அமைத்த ஒரு துள்ளலான இசை அதற்குத் துணையாயிற்று. ஊர்வலம் புறப்படுமுன் வீதியின் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். எல்லாக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் ‘ஓ’ என்பார்கள். பிறகு இருளுக்குள்ளிருந்து அது வரும். ஒளிரும் நத்தையும் ஆமையும் சுழன்று சுழன்று போகும். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒருவர் மறைவாக அமர்ந்து ஓட்டுவார்.

1996-இல் அதற்கு விடை கொடுத்தார்கள். இனி ஒருபோதும் வராது என்று விளம்பரம் செய்ததால் மக்கள் திரள்திரளாக வந்து கண்ணீர்விட்டார்கள். அதன் மின்குமிழ்களையும் நினைவுப் பொருளாக விற்றார்கள், மக்களும் வாங்கினார்கள். ஆனால் 1999-இல் ஃப்ளோரிடாவிலுள்ள பூங்காவில் அது வந்தது. 2001-இல் கலிபோர்னியாவிலேயே பக்கத்துப் பூங்காவுக்குத் திரும்பியது. 2017-இல் பழைய வீதிக்கே வந்தது. 2019-இலும், ஐம்பதாம் ஆண்டை முன்னிட்டு 2022-இலும் வந்தது. ‘ஒருபோதும்’ என்ற சொல்லை வியாபாரம் எவ்வளவு எளிதாகப் பயன்படுத்துகிறது! டோக்கியோவில் 1985 முதல் பத்தாண்டுகள் ஓடி நின்றதும் 2001-இல் புதிய வடிவில் தொடங்கியது. தேசம் எதுவானாலும், சிறுவயதில் இருளில் கண்ட வெளிச்சத்தை மனிதன் மறக்கிறதில்லை.

நானும் அப்படித்தான். என் சிறுவயதில் வெதுருகுப்பத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இரவு என்பது உண்மையாகவே இரவாயிருந்தது. மின்சாரம் வந்த தெருக்களிலும் ஒரு கம்பத்தில் எரியும், ஐந்து கம்பங்களில் எரியாது. அந்த இருட்டில் தூரத்துத் திருப்பத்தில் முதலில் தப்பட்டைச் சத்தம் கேட்கும். பிறகு ஒரு வெண்மை தெரியும். பிறகு பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இரண்டு வரிசையாக வரும். தெலுங்கில் ஊரேகிம்பு என்பார்கள். கலியாண ஊர்வலம்! நாங்கள் வரப்பில் நின்று விளக்குகளை எண்ணுவோம். பத்து என்றால் நல்ல வசதியுள்ள வீடு. இருபது என்றால் அதைப்பற்றி ஒரு மாதம் பேசுவோம்.

பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பார்த்திராத இளைய வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். ஜெர்மனியின் பெர்லின் நகரத்துத் தயாரிப்பு அது. பெட்ரோலியம் என்ற சொல்லையும், அதை உருவாக்கிய மாக்ஸ் கிரேட்ஸ் என்பவரின் பெயரையும் சேர்த்து அப்பெயர் வைத்தார்கள். அடியிலுள்ள தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி, பம்பினால் காற்றடிப்பார்கள். அழுத்தம் ஏறியதும் எண்ணெய் மேலே சென்று சூட்டில் ஆவியாகி, மேண்டில் என்னும் சிறு வலைப்பையில் எரியும். வெளிச்சம் தருவது நெருப்பல்ல, அந்த வலைப்பையே. துணி எரிந்துபோன பின் எஞ்சும் சாம்பல்கூடுதான் வெண்மையாகப் பிரகாசிக்கும். விரல் பட்டால் உதிர்ந்துபோகும். (மேண்டில் என்றதும் சிலருக்கு ஒரு திரைப்பட நகைச்சுவை நினைவுக்கு வரும், அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.) அந்தப் பிரகாசத்துக்குக் காரணம் தோரியம் என்னும் தனிமம். நம் கன்னியாகுமரிக் கரையோரம் மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலிலிருந்து அவருக்குத் துப்புக் கிடைத்ததாம். உலகம் முழுவதும் இரவுக்கு வெளிச்சம் கொடுத்தது நம் கடற்கரை மண் என்பதை எண்ணிக் கர்த்தரைத் துதிக்கிறேன்.

இனி, அந்தக் காணொளிக்கு வருகிறேன். அறையின் மூலையில் அந்த வீட்டின் மூதாட்டி, பேரனுக்கு ‘அவ்வா’, பாயில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதைக் கடந்தவர். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. எல்லாரும் அழகை வியந்துகொண்டிருக்கையில் அவர் கேட்டார்:

“தூக்கினு போறது யாருப்பா?”

“யாரும் தூக்கல அவ்வா. பேட்டரியில ஓடுது.”

“உள்ள ஆளே இல்லியா?”

“சிலதுல உள்ள உக்காந்து ஓட்டுவாங்க.”

“ஓட்டி முடிச்சப்புறம் அவங்களுக்குச் சோறு போடுவாங்களா?”

பேரன் சிரித்து, அவர்களுக்குச் சம்பளம் உண்டு என்றார். நான் சிரிக்கவில்லை, அவர் ஏன் கேட்டார் என்பதை அறிவேன். வெதுருகுப்பம் பக்கத்து ஊர்வலங்களில் பதினைந்து வருடங்களுக்கு மேல் தலையில் பெட்ரோமாக்ஸ் சுமந்தவர் அவர். பேரனுக்கு அது தெரியாது. வீட்டில் யாரும் சொல்லவில்லை. நகரத்துக்கு வந்த பின் சில சங்கதிகளைக் குடும்பங்கள் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுகின்றன. அன்று அவரே சொன்னார், அதுவும் மிகச் சாதாரணமாக.

புடவைத் துணியைச் சும்மாடாகச் சுற்றி அதன்மேல் விளக்கை வைப்பார்கள். மேலே அனல், பக்கத்தில் ஓயாத இரைச்சல். மழைக்கு முந்தின நாட்களில் விட்டிலும் ஈசலும் முகத்தில் மொய்க்கும், கையெடுத்து விலக்க முடியாது. மண்ணெண்ணெய் கசிந்து கழுத்தில் இறங்கும். தொட்டி அடியில் இருப்பதால் அதன் நிழல் நேரே சுமக்கிறவர் முகத்தில்தான் விழும். ஊரெல்லாம் வெளிச்சம், அவர் முகத்தில் மட்டும் இருட்டு. தலையைத் திருப்பினால் விளக்குச் சாயும் என்பதால் பின்னால் வரும் மாப்பிள்ளையை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாம். கலியாண வீட்டு வாசலில் விளக்கை இறக்கிவைத்தபின், பந்தியெல்லாம் முடிந்து மிஞ்சியதைப் பின்பக்கமாக இலையில் கட்டிக் கொடுப்பார்கள். சில வீடுகளில் அதுவும் இராது.

அவர் எங்கள் தெருவைச் சேர்ந்தவர். வரப்பில் நின்று நாங்கள் எண்ணிய விளக்குகளின் அடியில் எங்கள் தெருத் தாய்மார் இருந்தார்கள். விளக்குச் சுமக்க எங்கள் தெருவிலிருந்து ஆட்கள் போவார்கள். ஊர்வலம் எங்கள் தெருவுக்கு வராது. அந்த விளக்கு எங்களுக்காக எரிந்தது வருடத்துக்கு ஒருமுறை மூன்று நாள் மட்டும். சுவிசேஷக் கூட்டத்துக்காகச் சபையார் காசு சேர்த்து வாடகைக்கு எடுத்துவரும் இரண்டு விளக்குகள் அவை. அவற்றை ஒருவரும் தலையில் சுமக்கவில்லை. புளியமரக் கிளையில் தொங்கவிட்டிருந்தோம்.

எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேல் ஜனங்கள் எகிப்தை நினைத்து அழுகிறார்கள். மீனும் வெள்ளரிக்காயும் வெங்காயமும் பூண்டும் வரிசையாக அவர்கள் நினைவில் இருக்கின்றன. செங்கல் சுமந்தது அந்தப் பட்டியலில் இல்லை. பழைய நாளின்மேல் ஏக்கம் கொள்வது பாவம் என்று நான் போதிக்க வரவில்லை. டிஸ்னிலேண்டுக்காக ஏங்கும் அந்த வாலிபரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. ஆனால் நம்முடைய ஏக்கம் எதை வைத்துக்கொள்கிறது, எதை உதிர்த்துவிடுகிறது என்று பார்க்கவேண்டும்.

வேதாகமக் கல்லூரியில் மத்தேயு 25-ஐக் கிரேக்கத்தில் வாசித்தபோது ஒன்றைக் கவனித்தேன். பத்துக் கன்னிகைகள் கையில் பிடித்திருந்ததற்கு அங்கே ‘லம்பாஸ்’ என்ற சொல் வருகிறது. வீட்டுக்குள் வைக்கும் அகல்விளக்கு வேறு. அதற்கு ‘லுக்னோஸ்’ என்று பெயர். லம்பாஸ் என்பது வெளியே எடுத்துச்செல்லும் பந்தம். நம் பழைய தமிழ் வேதாகமம் அவ்விடத்தில் தீவட்டி என்றே மொழிபெயர்த்திருக்கிறது. அந்த மொழிபெயர்ப்பாளர்கள் தென்னிந்தியக் கலியாண ஊர்வலங்களை நன்றாய்ப் பார்த்திருக்கவேண்டும்! இந்த உவமையை எண்ணெயைக் குறித்து, ஆயத்தத்தைக் குறித்து, அடைக்கப்பட்ட கதவைக் குறித்து நூறுமுறை பிரசங்கித்திருக்கிறோம். அது சரியே. ஆயினும் ஆயத்தமாயிருந்த அந்த ஐந்து பேர் என்ன ஆனார்கள்? தீவட்டி பிடித்தவர்கள் மணவாளனோடு கலியாண வீட்டுக்குள் போகிறார்கள். வாசலில் நிறுத்தப்படவில்லை. பின்பக்கம் அனுப்பப்படவில்லை. கர்த்தர் சொன்ன கலியாணத்தில் வெளிச்சம் பிடித்தவர்களுக்கும் உள்ளே இடம் இருந்தது.

பெட்ரோமாக்ஸ் காலம் போயிற்று. இன்று வெதுருகுப்பத்திலும் சரி, சென்னையிலும் சரி, கலியாண வரவேற்பில் வண்ண விளக்குக் குடைகளையும் மின்விளக்குத் தண்டுகளையும் தாங்கி நடக்கிறவர்களைக் காணலாம். பெரும்பாலும் பெண்கள், சில இடங்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள். எல்லா விளக்குகளையும் ஒரே ஒயர் இணைத்து, பின்னால் வரும் ஜெனரேட்டர் வண்டியில் கொண்டுபோய் முடிக்கும். தாகம் எடுத்தாலும் வரிசையை விட்டு விலக முடியாது. நம் விசுவாசிகளின் வீட்டுக் கலியாணங்களிலும் இவர்கள் வருகிறார்கள். ஆராதனை, ஆசீர்வாத ஜெபம், விருந்து எல்லாம் உள்ளே நடக்கும். அவர்கள் வெளியே வண்டியருகில் குந்தியிருப்பார்கள்.

கடந்த தை மாதம் எங்கள் சபையில் நடந்த ஒரு திருமணத்தில், பெண் வீட்டார் விளக்குச் சுமந்த எட்டுப் பேரையும் முதல் பந்திக்கு அழைத்தார்கள். ஒப்பந்தக்காரருக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த மண்டபத்துக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார். ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். மூன்று பேர் கூச்சப்பட்டு, வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குப் பொட்டலமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த அவ்வாவும் அன்று வந்திருந்தார். அந்த ஐவருக்கு எதிர்ப்பந்தியில் அமர்ந்து, இப்போதெல்லாம் விளக்கு எவ்வளவு பாரம் என்று விசாரித்தார். விளக்கு பாரமில்லை, ஒயர்தான் பின்னால் இழுக்கிறது என்றாள் அவர்களில் ஒருத்தி.