என்னத்தை ஆயப்போறாய்?

ஸ்லோவேனிய மொழியில் அப்பிள் பறிப்பதற்கும் புத்தகம் வாசிப்பதற்கும் வினை ஒன்றுதான்: 'பிராத்தி'. அதன் உறவு மொழிகளில் இந்தச் சொல் வாசிப்புப் பக்கமே போகவில்லை. ரஷ்யனில் 'எடுத்தல்' என்று நின்றுவிட்டது; செர்பியனில் பழம் பறிப்பதோடு சரி. வாசிப்புக்கு அவர்கள் வைத்திருப்பது வேறொரு சொல், அதன் பழைய பொருள் எண்ணுதல். ஸ்லோவேனியர் மட்டும் ஏன் இப்படி? பல நூற்றாண்டுகள் ஹப்ஸ்பர்க் ஆட்சியில், ஜேர்மன் பேசுவோருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். ஜேர்மனில் 'லேசன்' என்றால் பொறுக்கிச் சேர்த்தலும்தான், வாசித்தலும்தான். திராட்சை அறுவடைக்கு அங்கே இன்றும் 'வைன்லேசெ' என்று பெயர். சொல்லை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் கடன் வாங்கி, தங்கள் வீட்டுச் சொல்லின் மேல் ஏற்றிவிட்டார்கள். கெட்டிக்காரக் கடன். இலத்தீனின் 'லெகெரே'யும் பொறுக்கலில் தொடங்கி வாசிப்புக்கு வந்த சொல்தான். எழுத்துகளைக் கண்ணால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்ப்பது என்று எண்ணியிருப்பார்கள் போலும். நாங்களும் முதலாம் வகுப்பில் எழுத்துக் கூட்டித்தானே வாசித்தோம்.

எங்கள் ஊரான செட்டிகுளத்தில் இந்தப் 'பிராத்தி'க்கு நெருங்கி வருவது 'ஆய்தல்'. மாங்காய் ஆய்வோம், முருங்கைக்காய் ஆய்வோம், வைரவருக்குப் பூ ஆய்வோம். நிலத்தில் உதிர்ந்து கிடந்தால் அது பொறுக்கல். பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் போகிற சிறுவர்கள்கூட இரண்டையும் குழப்பமாட்டார்கள். (அந்தப் பழத்துக்குக் கரடியும் வரும், இலக்கணம் பேசி நிற்க அங்கே நேரம் கிடையாது.) படித்தவர்களிடம் போனால் இதே ஆய்தல்தான் ஆய்வு, ஆய்வாளர், ஆய்வேடு.

கீரை ஆய்வதைப் பார்த்தால் இந்த உறவு விளங்கும். பழுத்த இலை, பூச்சி அரித்தது, முற்றிய தண்டு எல்லாம் கழிந்த பிறகுதான் சட்டிக்குப் போகும். தொல்காப்பிய உரியியல், உள்ளது நுணுகுவதைக் குறிக்கும் சொற்களுள் ஆய்தலையும் வைக்கிறது. பெரிய கட்டு கைப்பிடியாகச் சுருங்குவதைக் கண்டவருக்கு அதற்கு உரை தேவையில்லை. ஸ்லோவேனியரின் சொல் சேர்க்கிறது. எங்களுடையது கழிக்கவும் செய்கிறது. எனக்கு எங்களுடையதுதான் பிடித்திருக்கிறது.

பம்பைமடுவில் இருக்கிற பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பிள்ளை வினாக்கொத்தோடு எங்கள் ஒழுங்கைக்கு வந்தாள். "ஒரு ஆய்வுக்காக வந்தனான், அம்மம்மா" என்றாள்.

"முருங்கை இன்னும் காய்க்கேல்லையே, என்னத்தைப் பிள்ளை ஆயப்போறாய்?" என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டா. பகிடி இல்லை, உண்மையாகத்தான்.

இடம்பெயர்வு பற்றிய கேள்வி வந்ததும் ஆச்சி 2009இலிருந்து தொடங்கினா. மெனிக் பாம் முகாம், தண்ணீர் வரிசை, மழைக்குக் கூடாரத்துக்குள் ஏறிய வெள்ளம், மருந்துக்கு அலைந்தது, யாரோ கொடுத்த சருவச்சட்டி, அதன் ஓட்டை. முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஆச்சியின் கதை மத்தியானம் தாண்டியும் மூடவில்லை. தாளில் அந்தக் கேள்விக்கு இருந்தது நான்கு கட்டங்கள். பிள்ளை ஒன்றில் புள்ளடி போட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்.

"எல்லாத்தையும் எழுதாதை, சொத்தையை விட்டிட்டு எழுது" என்றா ஆச்சி.

"எது அம்மம்மா சொத்தை?"

"அதை நீதானே ஆயோணும்."