எல்லாத்துக்கும் ஒரே குண்டு

வேட்டைன்னு ஆரம்பிச்சதும் பாதிப் பேரு ஓடிருவீங்கன்னு தெரியும். அதனால மொதல்லயே சொல்லிப்போடறேன். நான் இதுவரைக்கும் ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லீங்க. சுடற உத்தேசமும் கிடையாது. ஆனா பழைய வேட்டைப் புத்தகம் எங்க கெடைச்சாலும் விடமாட்டேன். கென்னத் ஆண்டர்சன், ஜிம் கார்பெட், சாண்டர்சன்னு ஒரு அலமாரியே ரொம்பிக் கெடக்குது. வீட்டம்மா அதைப் பாத்து மொறைக்கறது தனிக்கதை.

அந்தப் புத்தகங்கள்ல புலி வர்ற பக்கத்தைவிட எனக்குப் பிடிச்சது, எந்தக் குண்டு நல்ல குண்டுன்னு அவங்க போடற சண்டைதான். நூத்தம்பது வருசமா முடியாத சண்டை. புள்ளிமானுக்கு ஒண்ணு, கடமானுக்கு ஒண்ணு, காட்டெருமைக்கு ஒண்ணுன்னு மூணு துப்பாக்கியைத் தூக்கிட்டு மலையேற முடியாதில்லீங்களா? எல்லாத்துக்கும் ஆகற மாதிரி ஒரே குண்டு இருக்குதா, இல்லையா?

நம்ம ஆனைமலை இந்தக் கேள்விக்குன்னே செஞ்சு வெச்ச மலை மாதிரி. அடிவாரத்துல புள்ளிமான், எழுபது எண்பது கிலோ. கொஞ்சம் ஏறுனா கடமான், நல்ல கெடா 200 கிலோவுக்கு மேல போகும். மூங்கில் காட்டுக்குள்ள காட்டெருமை, பெரிய காளை 900 கிலோவைத் தொடும். அதே காட்டுல யானை. உச்சியில புல்மலைக்குப் போயிட்டா பாறை விளிம்புல வரையாடு, பக்கத்துல அண்டவே விடாது. அமராவதி அணை மேல நின்னு தெக்க பாத்தா தெரியற மலைத்தொடர்லதான் இது அத்தனையும். 19ஆம் நூற்றாண்டுல இந்த மலைகள்ல அலைஞ்ச டக்ளஸ் ஹாமில்டன் எழுதுன வேட்டைக் குறிப்புகள் 1892ல புத்தகமாவே வந்திருக்குது.

அப்பறம் 1972ல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 1976ல ஆனைமலை சரணாலயம் ஆச்சு, 2007ல புலிகள் காப்பகம். குண்டுச் சண்டை புத்தகத்தோட நின்னு போச்சு. அப்படித்தான் நானும் நெனைச்சிட்டிருந்தேன். 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு காட்டுப்பன்னி விசயத்துல ஒரு முடிவு சொல்லுச்சு. காப்புக்காட்டு எல்லையில இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள பன்னியைத் தொடக்கூடாது. ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டர் வரைக்கும் கூண்டு வெச்சுப் பிடிச்சுத் திரும்பக் காட்டுல விடணும். மூணைத் தாண்டி வந்தா வனத்துறைக்காரங்க சுடலாம். கேரளாவுல 2022லயே பஞ்சாயத்துத் தலைவருங்களுக்கு அனுமதி குடுக்கற அதிகாரம் வந்துருச்சு. ஆக, அந்தப் பழைய கேள்வி அம்பது வருசம் கழிச்சு மறுபடியும் எந்திரிச்சு நம்ம மக்காச்சோளக் காட்டுக்குள்ள வந்து நிக்குது.

உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தைக் குழப்பம். நம்மாளுங்க தோட்டாவையும் குண்டையும் ஒண்ணாத்தான் பேசறோம். தோட்டாங்கறது முழு உருப்படி. பித்தளைக் கூடு, அடியில கேப்பு, உள்ள மருந்து, நுனியில குண்டு. கூடு துப்பாக்கியிலயே நின்னுரும், போறது குண்டு மட்டும்தான். துப்பாக்கி எவ்வளவு பெரிசு, எந்தக் கம்பெனின்னு பேசறவங்கதான் ஜாஸ்தி. மிருகத்தைத் தொடப்போறது அந்தப் பத்துப் பதினஞ்சு கிராம் உலோகம். அது உள்ள போய் என்ன பண்ணுதுங்கறதுலதான் விசயமே இருக்குது.

அந்தக் காலத்துல வேகத்தைக் கூட்ட வழியில்லை, கரிமருந்துதான். அதனால எடையைக் கூட்டுனாங்க. 12 போர்னு சொல்றோமே, அதுக்கு அர்த்தம் என்னன்னா ஒரு பவுண்டு ஈயத்துல 12 உருண்டை. ஒரு உருண்டை கிட்டத்தட்ட 38 கிராம். மைசூர் சமஸ்தானத்துல யானை பிடிச்ச சாண்டர்சன், யானைக்கு 4 போர் வெச்சிருந்தாரு. நாலு உருண்டை ஒரு பவுண்டு, ஒண்ணு 113 கிராம். எலுமிச்சம்பழம் மாதிரி. அதைச் சுட்டா யானைக்கு வலிச்சதா, சுட்டவரு தோளுக்கு வலிச்சதான்னு தெரியலை :-)

1890கள்ல புகையில்லாத மருந்து வந்ததும் கதை மாறுச்சு. குண்டு சின்னதாச்சு, வேகம் ரெண்டு மடங்குக்குப் பக்கம் போச்சு. அந்த வேகத்துக்கு வெறும் ஈயம் குழாய்க்குள்ளயே இழுபட்டுப் போகும்னு மேல செம்புக் கவசம் போட்டாங்க. கவசம் முழுசா மூடிட்டா குண்டு ஊசி மாதிரி நேரா அந்தப் பக்கம் போயிரும். மூக்குல மட்டும் ஈயத்தைத் திறந்து விட்டா, உள்ள போனதும் காளான் மாதிரி விரியும், வேகமெல்லாம் மிருகத்துக்குள்ளயே செலவாகும். கல்கத்தா பக்கத்துல டம்டம் ஆயுதச்சாலையில ராணுவத்துக்குச் செஞ்சது இந்த ரெண்டாவது வகை. 1899ல ஹேக் மாநாட்டுல போர்ல இது கூடாதுன்னு பிரகடனம் போட்டாங்க. அன்னையில இருந்து ராணுவத்துக்கு மூடுன குண்டு, வேட்டைக்குத் திறந்த குண்டுன்னு ரெண்டு பாதை. மனுசனைச் சுடக்கூடாத குண்டை மிருகத்தைச் சுட மட்டும் வெச்சிக்கலாமான்னு கேக்கத் தோணும். ஆனா மிருகத்துக்கு ஆஸ்பத்திரி இல்லீங்களே. சீக்கிரம் சாகறதுதான் அதுக்குக் கெடைக்கற ஒரே இரக்கம்.

சண்டை மொளைக்கறது இங்கதான். சீக்கிரம் விரியற குண்டு புள்ளிமானுக்கு அருமை. அதே குண்டு காட்டெருமைத் தோள்பட்டையில பட்டா எலும்புலயே சிதறிரும். விரியாத குண்டு காட்டெருமைக்குள்ள ஆழமாப் போகும், ஆனா மானுக்குள்ள ஊசி ஓட்டை போட்டுட்டு வெளிய போயிரும், மான் ரெண்டு ஃபர்லாங் ஓடிப் பொதர்ல கெடந்து சாகும். காட்டெருமை விசயத்துல இன்னொரு ஏமாத்து வேலையும் இருக்குது. அதோட முதுகு மேடு பெரிசு, உயிர் நிக்கற எடம் ரொம்பக் கீழ. நடுவுல பாத்து அடிச்சா மேடுதான் கிழியும்.

எல்லாத்துக்கும் ஒண்ணேன்னு வாழ்ந்தவங்க உண்டு. கார்பெட்டுக்கு 1907ல சம்பாவத் புலியைக் கொன்னதுக்குப் பரிசாக் குடுத்தது .275 ரிக்பி. குண்டு 140 கிரெய்ன், அதாவது ஒம்போது கிராம்தான். (கிரெய்ன் ஒரு காலத்துல பார்லி மணி கணக்கு, நம்மூரு குன்றிமணி மாதிரி.) அதே அளவுத் துப்பாக்கியில, 173 கிரெய்ன் மூடுன குண்டை வெச்சு ஆப்பிரிக்காவுல பெல்னு ஒருத்தரு நூத்துக்கணக்குல யானை சுட்டாரு. யானை மண்டையை அறுத்துப் பாத்து, மூளை எங்க இருக்குதுன்னு மனப்பாடம் பண்ணுன மனுசன். அவரை உதாரணம் காட்டறவங்க அதை மறந்துடறாங்க. கார்பெட்டே பெரிய வேலைக்கு .450/400 ரெட்டைக்குழலும் வெச்சிருந்தாரு. ஆண்டர்சன் நம்ம பக்கத்துக் காடுகள்ல தூக்கிட்டுத் திரிஞ்சது .405 வின்செஸ்டர், 300 கிரெய்ன், கிட்டத்தட்ட பத்தொன்பதரை கிராம். பொதர்க்காட்டுல கிட்டக்க சுடறவருக்கு அதுதான் சரி. புல்மலை வரையாட்டுக்கு அதைக் கொண்டுபோனா வேலைக்காகாது.

இதுல நம்ம அரசாங்கமும் உள்ள பூந்து வெளையாடியிருக்குது. ராணுவத் தோட்டா வெளியாளுங்க கைக்குப் போயிடக்கூடாதுன்னு வெள்ளைக்காரன் .450 அளவுக்கு இந்தியாவுல தடை போட்டான். லண்டன் கம்பெனிக்காரங்க உடனே .465, .470, .475னு புதுசு புதுசாச் செஞ்சு அனுப்புனாங்க. இன்னைக்கும் ஆப்பிரிக்காவுல பேர் சொல்ற .470 அப்படிப் பொறந்ததுதான். .303 தடை செஞ்ச அளவுங்கறதால சாதா லைசென்ஸ்காரங்களுக்கு இச்சாப்பூர்ல செஞ்ச .315 ரைபிள் வந்துச்சு. குண்டு 244 கிரெய்ன், மூக்கு திறந்த ஈயம். நம்மாளு குண்டைத் தேர்ந்தெடுத்தான்னு சொல்றதைவிட, கெடைச்சதைப் போட்டுச் சுட்டான்னு சொல்றதுதான் நெஜம்.

இந்தச் சிக்கலுக்குக் கொஞ்சம் நல்ல பதில் கண்டுபிடிச்சவரு அமெரிக்காவுல லாரி ஓட்டித் தொழில் பண்ணுன ஜான் நாஸ்லர். 1946ல கனடாவுல ஒரு மூஸ் மானைச் சுட்டாரு. அதோட தோள்ல சேறு காய்ஞ்சு ஓடு மாதிரி இருந்துச்சாம், குண்டு மேலயே சிதறிப் போச்சு. வெறுத்துப் போய் ஊருக்கு வந்து, குண்டுக்கு நடுவுல ஒரு செம்புச் சுவர் வெச்சாரு. முன் அறையில இருக்கற ஈயம் விரியும். பின் அறை சுவருக்குப் பின்னாடி பத்திரமா இருந்து உள்ள தள்ளிட்டுப் போகும். மூணுல ரெண்டு பங்கு எடை கடைசி வரைக்கும் நிக்கும். அந்தப் பார்ட்டிஷன் குண்டு 1948ல இருந்து கடையில விக்குது. 1980கள் கடைசியில பார்ன்ஸ் கம்பெனி ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு கொண்டு வந்துச்சு. எல்லாத்துக்கும் ஒரே குண்டுங்கற கனவுக்கு இது ரெண்டும்தான் ரொம்பக் கிட்ட வந்தது.

காய்ஞ்ச சேறுன்னதும் எனக்கு நம்ம பன்னிதான் ஞாபகம் வந்துச்சு. காட்டுப்பன்னி, அதுலயும் கெடாப்பன்னி, சேத்துல பொரண்டு மரத்துல ஒரசி ஒரசி மேல ஒரு கவசம் ஏத்தி வெச்சிருக்கும். அதுக்கடியில தோள்ல கெட்டித் தசைநார், கேடயம்னே சொல்றாங்க. நூறு கிலோ உடம்புதான், ஆனா நூறு கிலோ மானுக்குச் சுடற குண்டு அதுக்குப் பத்தாது.

எங்க அப்பாருகிட்ட பயிர்க் காவலுக்குன்னு லைசென்ஸ் வாங்குன 12 போர் ஒத்தைக்குழல் இருந்துச்சு. ஒவ்வொரு எலக்சனுக்கும் போலீஸ் ஸ்டேசன்ல ஒப்படைச்சுட்டுத் திரும்ப வாங்கறதே ஒரு வேலை. தோட்டாவைப் பவுடர் டப்பாவுல போட்டு, சாளையில எரவாணத்துல சொருகி வெச்சிருப்பாரு. எனக்குத் தெரிஞ்சு வானத்தைப் பாத்து வெடிச்சதுதான் ஜாஸ்தி. பன்னியைப் பாத்து ஏன் வெடிக்கலைன்னு கேட்டா, "பன்னி தப்பிச்சுப் போனாப் போகுது கண்ணு, அடிபட்டுப் போகக்கூடாது. காத்தால சோளத்தட்டுக்குள்ள போறவ உங்க ஆத்தா"ம்பாரு. குண்டைப் பத்தி நான் படிச்ச எந்த வெள்ளைக்காரன் புத்தகத்துலயும் இதைவிடத் தெளிவாச் சொல்லலை. மூடுன குண்டை எடுத்துப் பன்னி மேல விட்டா நடக்கறது அதுதான். ஊசி ஓட்டையோட பன்னி தட்டுக்குள்ள படுத்துக்கும். பன்னியைத் துளைச்சு வெளிய வந்த குண்டு என்னாகும்? ரைபிள் குண்டு தடையில்லாமப் போனா ரெண்டு மூணு கிலோமீட்டர் போகும். நம்ம காட்டுல ரெண்டு கிலோமீட்டருக்குள்ள எத்தனை சாளை, எத்தனை மில்லு, எத்தனை கோழிப்பண்ணைன்னு எண்ணிப் பாருங்க.

அதனால என்னைக் கேட்டா, சுடறதுன்னு அரசாங்கம் முடிவு பண்ணிட்டா, கையில இருக்கற ஏதோ ஒரு துப்பாக்கியைக் குடுத்து அனுப்பக்கூடாது. கனமான, அளவா விரியற, உள்ளயே நிக்கற குண்டு வேணும். முடிஞ்சா செம்புக் குண்டு. ஈயம் உள்ள தூளாச் சிதறும், செத்த பன்னியை நாயோ கழுகோ தின்னா அதுக்கும் விசம். கலிபோர்னியாவுல 2019ல இருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கிடையாது, காண்டோர் கழுகுக்காக. நமக்கு மாயாறு பக்கம் மிச்சமிருக்கற பிணந்தின்னிக் கழுகு எத்தனைன்னு உங்களுக்கே தெரியும். எந்தக் குண்டா இருந்தாலும் பரண் மேல இருந்து கீழ்நோக்கித்தான் சுடணும். தப்புனா மண்ணுக்குள்ள போகும். பரணுக்கா பஞ்சம் நம்மூர்ல?

"அடப் போப்பா, அவுட்டுக்காய் வெச்சா அம்பது ரூவாயில முடியற வேலை"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. அந்த வெடியைப் பன்னி மட்டுமா கடிக்குது? 2020 மே மாசம் பாலக்காட்டுப் பக்கம் வெள்ளியாத்துல வாய் கிழிஞ்சு தண்ணிக்குள்ளயே நின்னு செத்த கர்ப்பிணி யானையை டிவியில பாத்தோமே. எந்த மிருகம், எந்த எடம், பின்னாடி யாருன்னு பாக்காம வேலை செய்யற ஒரே குண்டு அவுட்டுக்காய்தான்.

எங்க மாமன் தோட்டம் மலையடிவாரத்துல. மூணு ஏக்கர் மக்காச்சோளம், போன போகத்துல பாதியைப் பன்னி உருட்டிருச்சு. "மாப்ள, எந்தக் குண்டு நல்ல குண்டு?"ன்னு அவருதான் கேட்டாரு, இத்தனையும் அவருக்குச் சொன்ன பதில்தான். பொறுமையாக் கேட்டுட்டு, செல்லுல மேப்பை எடுத்து, காட்டு எல்லையில இருந்து தோட்டம் வரைக்கும் அளந்து பாத்தாரு. ரெண்டே முக்கால் கிலோமீட்டர். "அப்ப நமக்குக் கூண்டுதானா"ன்னாரு.