சத்தம் கியரில, குற்றம் கிளச்சில

எங்கட வீடுகள் சிலதில் அப்பாமாரின் 1980களின் ஹொண்டா சீடி 200 இன்னும் நிற்கிறது. கிளச்சைப் பிடிச்சு முதலாம் கியர் போட்டால் 'கடகட' எண்டு அரைபடும். சந்தியில் நிக்கேக்க வண்டி தானாக முன்னுக்கு இழுக்கும், நியூட்ரல் விழாது. "கியர்பொக்ஸ் போச்சு, வித்துப்போடுங்கோ தம்பி" என்பார்கள். நாங்கள் நாலைஞ்சு பேர் கழட்டிப் பூட்டிப் பழகியதில் விளங்கிக்கொண்டது வேறு.

இந்த வண்டியில் கிளச் ஒயிலுக்குள்தான் இருக்கிறது. உராய்வுப் பிளேட்டும் இரும்புப் பிளேட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும். லிவரைப் பிடிச்சதும் அவை முழுசாய் விலகவேணும். விலகாட்டில் எஞ்சினின் சுழற்சி கியர்பொக்ஸுக்குள் போய்க்கொண்டே இருக்கும். சுத்துற கியரை நிக்கிற கியரோடு கோர்க்கப் போனால் சத்தம் வராமல் என்ன செய்யும்?

அதனால் செலவில்லாததில் இருந்து தொடங்குவோம். லிவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் தளர்வு போதும். கூடினால் கேபிளைச் சரிசெய்யவேணும். அடுத்தது ஒயில்: தடிச்சுப்போன பழைய ஒயில் பிளேட்டுகளை ஒட்டவைக்கும். அதுக்கும் சரிவராட்டித்தான் மூடியைக் கழட்டுவது. இரும்புப் பிளேட்டைக் கண்ணாடித் துண்டில் படுக்கவைத்தால் வளைவு தெரியும். கிளச் கூடையின் விரல்களில் பள்ளம் விழுந்திருந்தால் பிளேட் அதில் கொளுவிக்கொள்ளும். சின்னப் பள்ளத்தை அரத்தால் சமமாக ராவலாம். ஆழமெண்டால் கூடையை மாத்தத்தான் வேணும். புது உராய்வுப் பிளேட்டுகளை ஒயிலில் ஊறவைச்சுப் பூட்டுங்கோ.

இவ்வளவும் செய்தும் சத்தம் நிக்காட்டி கியர்பொக்ஸைத் திறப்போம். வித்த வண்டியைத் திரும்ப வாங்கேலாது. அதுக்கு முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கிளச்சுக்குக் குடுத்துப் பார்க்கலாம்.