மெல்லிய குரலுக்கும் ஓர் இடம்



ஆலயத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால், திருகுகள் நிறைந்த மிக்ஸரின் முன் அமர்ந்திருக்கும் வாலிபனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒலி நன்றாயிருக்கும்போது ஒருவரும் அவனை நினைப்பதில்லை. அது கெடும்போது மாத்திரம் எல்லாத் தலைகளும் அவனை நோக்கித் திரும்பும். இந்த வாரம் அவனுடைய ஊழியத்தைக் குறித்துச் சற்றுத் தியானிப்போம்.

மிக்ஸரில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு சானல் உண்டு. அதன் உச்சியில் இருப்பது கெயின் என்னும் திருகு. அடியில் மேலும் கீழும் நகர்வது ஃபேடர். இரண்டும் சத்தத்தைக் கூட்டுவனபோலத் தோன்றினாலும் இரண்டின் வேலையும் ஒன்றல்ல. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் அளவேயான நலிந்த மின்னழுத்தம். அதை வேண்டிய வலிமைக்கு உயர்த்துவது கெயின். உயர்த்தப்பட்டதில் எவ்வளவு சபைக்குச் செல்லவேண்டும் என்று தீர்மானிப்பது ஃபேடர். கெயினை மிஞ்சித் திருப்பினால் குரல் வாசலிலேயே உடைந்துபோகும். பிறகு ஃபேடரைத் தாழ்த்தினாலும், உடைந்த குரல் தாழ்வாய்க் கேட்குமேயன்றிச் சீராகாது. மிகவும் குறைத்து வைத்தாலோ, ஃபேடரை உயர்த்தும்போது குரலோடு இரைச்சலும் உயரும்.

ஆகவே ஃபேடரை இறக்கிவைத்து, அந்தச் சானலை மாத்திரம் ஹெட்ஃபோனில் கேட்டு, முதலில் கெயினைச் சரிசெய்வதே முறை. பேசுபவர் மெய்யாகவே பேசும் குரலில் பேசவேண்டும். பச்சை விளக்குகள் நிலையாய் எரிந்து, உரத்த சொற்களில் மஞ்சளைத் தொட்டு, சிவப்பு ஒருபோதும் எரியாத இடமே சரியான இடம். "ஒன்று, இரண்டு" என்று முணுமுணுத்ததை வைத்து அளந்தால், பிரசங்கம் அனல்கொள்ளும்போது சிவப்பு எரியும். அதன்பின் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வடிகட்டும் பொத்தானை அழுத்தினால், மின்விசிறிக் காற்றின் உறுமலும், மேடையில் நடப்போரின் காலடி அதிர்வும் விலகும். இவையெல்லாம் முடிந்த பிறகே ஃபேடரை உயர்த்தவேண்டும்.

எங்கள் சபையில் வயதுசென்ற தாயார் ஒருவர் உண்டு. வேதபாடம் வாசிக்கும் முறை வரும்போதெல்லாம், "என் சத்தம் யாருக்கு ஐயா கேட்கப்போகிறது?" என்று ஒதுங்கிக்கொள்வார். ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் வாலிபன் அவரை அழைத்து வாசிக்கச் சொன்னான். கெயினை மெல்ல உயர்த்தினான். ஓர் எல்லையைக் கடந்ததும் ஒலிபெருக்கியின் சத்தமே மைக்குக்குள் திரும்பப் புகுந்து ஊளையிட்டது. அவன் திருகைச் சற்றே இறக்கிவிட்டு, இரண்டு காரியங்களைச் செய்தான். ஒரு முழம் தள்ளி நின்றவரை மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு வரச்செய்தான்; தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். பின்பு மேடையில் திறந்திருந்த மற்ற மைக்குகளையெல்லாம் மூடினான். திறந்த மைக்குகள் பாதியாய்க் குறையுந்தோறும், ஊளையிடாமல் உயர்த்த ஏறக்குறைய 3 டெசிபல் இடம் கிடைக்கும். மூடப்பட்டவற்றில் என் மைக்கும் ஒன்று.

மறுநாள் கடைசி வரிசைவரை அவருடைய ஒவ்வொரு சொல்லும் கேட்டது. குரலின் நடுக்கமும் கேட்டது. ஒருவரும் அசையவில்லை.

பிரியமானவர்களே, எல்லாத் திருகுகளையும் ஒரே அளவில் வைப்பது நீதிபோலத் தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால் உரத்த குரலே ஓங்கும், மெல்லிய குரல் இல்லாமலே போகும். நம் வீடுகளிலும் அவ்வாறே நிகழ்கிறது. குடும்ப ஜெபத்தில் எப்போதும் பேசுகிறவர்கள் பேசுகிறார்கள். புதிதாய் வந்த மருமகளும், திக்கிப் பேசும் பிள்ளையும், விதவையான அத்தையும் "ஆமென்" மாத்திரம் சொல்லுகிறார்கள். அவர்களை "உரக்கப் பேசு" என்று கடிந்துகொள்வதால் பயனில்லை. அருகே அழைக்கவேண்டும், மற்ற மைக்குகளை, முதலாவது நம்முடையதை, மூடவேண்டும்.

சீலோவில் அன்னாள் ஓசையின்றி ஜெபித்தபோது, அருகிலிருந்த ஏலிக்கு அது விளங்கவில்லை, ஆண்டவருக்கோ விளங்கிற்று. அந்தச் செவியை நமக்கும் தரும்படி இந்த வாரம் வேண்டிக்கொள்வோம். இன்றிரவு உங்கள் வீட்டு ஜெபத்தில், இதுவரை வாய்திறவாத ஒருவர் முதலாவது ஜெபிக்கட்டும். ஆமென்.