கூடிப் படித்தல்

மாங்காட்டில் தமிழ்வழியில் பயின்று, சென்னைக் கல்லூரிகளில் அறிவியல் பட்டப்படிப்பில் சேரும் நம் பிள்ளைகள் பலரை முதலாண்டில் தளரச் செய்வது பாடமன்று; தனிமையே. 'திசைவேகம்' என்று நன்கறிந்ததுகூட 'வெலாசிட்டி' என ஒலிக்கையில் அந்நியமாகிவிடுகிறது. வகுப்பில் ஐயம் எழுப்ப நாணம். வீட்டில் கேட்க ஆளில்லை. நம் தெரு மாணவி ஒருத்தி படிப்பையே விட்டுவிட எண்ணினாள். இரண்டாமாண்டு பயிலும் அண்டை வீட்டுப் பெண் மாலைதோறும் உடனமர்ந்து கணக்குகளைப் போடவைத்தாள். இன்று அவள் இறுதியாண்டில் இருக்கிறாள்.

இது வெறும் தயவன்று, சோதித்தறிந்த முறை. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்பார், நுண்கணிதத்தில் சிறந்த சீன வழி மாணவர் கூடிப் படிப்பதையும், இடறிய கறுப்பின மாணவர் கடுமையாக உழைத்தும் தனித்தே படிப்பதையும் கண்டார். கடினமான கணக்குகளைக் குழுவாகத் தீர்க்கும் பயிலரங்கம் அமைத்தார். அதில் சேர்ந்தோரின் மதிப்பெண் உயர்ந்தது. 1973இல் மிசௌரி-கான்சஸ் நகரப் பல்கலைக்கழகம், அதே பாடத்தில் முன்னர்த் தேறிய மாணவரையே துணைக்கு அமர்த்தும் முறையைத் தொடங்கிற்று.

நமக்கு வேண்டுவன ஒரு கூடம், ஒரு கரும்பலகை, ஓராண்டு மூத்த ஒருவர். விடையைச் சொல்லிவிடாது, வழியைக் கேட்டு வாங்குவதே அவர் பணி. பெற்றோரே! கட்டணம் கட்டியதோடு கடமை முடிந்ததென எண்ணாதீர். பிள்ளை யாருடன் அமர்ந்து படிக்கிறது என்றும் கேளுங்கள்.