அழுக்கென்று ஒதுக்கப்படும் படிகம்

அமராவதியின் பழைய ஆயக்கட்டைச் சேர்ந்த கொமரலிங்கத்தில், ராஜவாய்க்கால் நீர் எட்டும் வயல்களைக் கடந்து மேட்டுக்காடுகளை நோக்கி நடந்தால் மண்ணின் இயல்பு மாறிவிடுகிறது. உழுத சாலில் வெள்ளை வெளேரெனக் கிடக்கும் வெங்கச்சாங்கற்களை உழவர்கள் பொறுக்கி வரப்போரம் குவித்து வைத்திருக்கும் காட்சி தாராபுரம், காங்கயம், கரூர் என்று கொங்குநாடு நெடுகத் தொடர்கிறது. சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்து உருவாகும் குவார்ட்ஸ் என்னும் கனிமமே இது. ஒளிபுகா வெண்மையாயின் வெங்கச்சாங்கல் என்றும், தெளிந்திருந்தால் பளிங்கு அல்லது ஸ்படிகம் என்றும், ஊதா நிறம் ஏறியிருந்தால் செவ்வந்திக்கல் என்றும் வழங்கப்படுகிறது. இவற்றுள் எதிலும் அடங்காமல், தன் வயிற்றுக்குள் வேறொரு கனிமத்தைச் சுமந்து நிற்கும் படிகமே உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் இன்று தேடும் கல்லாகும்.

இவ்வாறு உள்ளே சிக்கிய பொருளை நிலவியலார் உட்பொதிவு என்பர். சிலிக்கா கரைந்த வெந்நீர் பாறை வெடிப்புகளில் மெல்லக் குளிர்ந்து படிகமாக வளரும்போது, ஏற்கெனவே அங்கிருந்த ஊசிகளையும் செதில்களையும் அது தன்னுள் வைத்து மூடிக்கொள்வது ஒரு வழி. வளர்ந்து முடிந்த பின் விரிசல்களின் ஊடே புகும் இரும்புக் கரைசல் உள்ளே படிந்துவிடுவது இன்னொரு வழி. டைட்டானியம் ஆக்சைடான ரூட்டைல் பொன்னிற ஊசிகளாகவும், குளோரைட் பாசிபோன்ற பச்சையாகவும், ஹெமடைட் செந்தகடுகளாகவும், கோதைட் பழுப்புப் பொன்னிழைகளாகவும் தோன்றுகின்றன. வளர்ச்சி சிறிது காலம் நின்றபோது படிகத்தின் முகங்களில் குளோரைட் படிந்து, பின்னர் அதன்மேல் மீண்டும் குவார்ட்ஸ் வளர்ந்திருக்குமாயின், பெரிய படிகத்துக்குள் சிறிய படிகத்தின் வடிவம் மட்டும் நிழலாய்த் தெரியும். இதனை நிழற்படிகம் எனலாம். இமாசலத்தின் குல்லுப் பகுதியிலிருந்து குளோரைட் ஏறிய படிகங்கள் சந்தைக்கு வருகின்றன. தென்னாப்பிரிக்காவின் மெசினா செம்புச் சுரங்கத்தில் கிடைத்த, அஜோயைட் என்னும் நீலப்பச்சைச் செம்புக் கனிமம் பொதிந்த குவார்ட்ஸ், அச்சுரங்கம் மூடப்பட்டபின் பெருவிலை பெற்றது.

இத்தகைய கற்களைப் பற்றிச் சந்தையில் சொல்லப்படும் எல்லாவற்றையும் அப்படியே ஏற்பதற்கில்லை. பிரேசில் நாட்டுக் கல் ஒன்று ஏழு கனிமங்கள் கலந்தது என்று கூறி "சூப்பர் செவன்" என்ற பெயரில் விற்கப்படுகிறது. அதில் இருப்பதாகச் சொல்லப்படும் காகாக்சினைட் என்னும் பாஸ்பேட் கனிமம் பெரும்பாலும் கோதைட் இழைகளே என்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரியவந்தது. செம்புத் துகள் மினுங்கும் செயற்கைக் கண்ணாடியைச் சூரியக்கல் என்று விற்பதும், வெடிப்புகளில் சாயம் ஏற்றிய படிகத்தை இயற்கை நிறமென்று சொல்வதும் இதே வகையைச் சார்ந்தவை.

கொங்குநாட்டில் கல்லின் கதை மிகப் பழையது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னர் 2012, 2013ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகமும் நடத்திய அகழாய்வுகளில் குவார்ட்ஸ், செவ்வந்திக்கல், நீலக்கல், பச்சைக்கல், சூதுபவளம் ஆகியவற்றின் மணிகள் முழுமையாகவும் அரைகுறையாகவும், செதுக்கி எறிந்த சில்லுகளோடும் வெளிப்பட்டமையால், அங்கு மணிகள் அணியப்பட்டது மட்டுமன்றிச் செய்யவும் பட்டன என்பது உறுதியாயிற்று. பதிற்றுப்பத்து இவ்வூரைக் கொடுமணம் என்று குறிப்பிடுகிறது. காங்கயம் அருகே படியூரில் 1819, 1820ஆம் ஆண்டுகளில் தோண்டப்பட்ட பெரில் சுரங்கம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களைத் தந்தது. சிவன்மலைப் பாறைத் தொகுதியையும் அதிலுள்ள குருந்தக்கல்லையும் தாமஸ் ஹாலண்ட் 1901இல் விரிவாக எழுதினார். கல்லும், அதனைத் தேய்க்கும் குருந்தமும் ஒரே வட்டாரத்தில் கிடைத்தது இத்தொழில் இங்கு ஊன்றியதற்குப் பெருங்காரணம் என்று கருத இடமுண்டு.

இன்று இப்பகுதியில் கல் அறுக்கும் பட்டறைகளின் நோக்கம் வேறாக இருக்கிறது. கல்லை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்கும் வியாபாரி முதலில் கேட்பது "கல் சுத்தமா?" என்பதே; உள்ளே இழையோ புள்ளியோ தெரிந்தால் அது அழுக்கு என்று ஒதுக்கப்பட்டு, தெளிந்த பகுதி மட்டும் வெட்டி எடுக்கப்படுகிறது. தெளிந்த கல்லில் தொழிலாளி ஒளியைத் திருப்ப வேண்டும். அதற்குக் கோணங்களின் கணக்கு உண்டு, கணக்குத் தவறாதவர் பலர் உண்டு. உட்பொதிவுக் கல்லிலோ, முதலில் ஒரு பக்கத்தை மட்டும் சற்றே தேய்த்து உள்ளே பார்க்க வழி செய்து, ஊசிகள் எத்திசையில் ஓடுகின்றன, எந்த ஆழத்தில் படலம் நிற்கிறது என்பதைப் பார்த்த பின்னரே வடிவத்தைத் தீர்மானிக்க முடியும். பட்டைகள் பல இருந்தால் உள்ளிருக்கும் காட்சி சிதறுமாதலால், மேற்புறத்தைக் குமிழாகத் திரட்டுவதே பெரும்பாலும் ஏற்றது. குச்சியின் நுனியில் அரக்கை உருக்கிக் கல்லை ஒட்டும்போது சூடு மிகுந்தால், உள்ளே அடைபட்ட நீர்த்துளிகள் விரிந்து கல் வெடித்துவிடும். சாணையிலும் சிக்கல் தீர்வதில்லை: குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7, குளோரைட்டின் கடினம் ஏறத்தாழ 2 என்பதால், உட்பொதிவு மேற்பரப்பை எட்டும் இடத்தில் அது முன்னதாகத் தேய்ந்து குழியாகிவிடும். ஆகையால் அதன்மேல் மெல்லிய பளிங்குப் போர்வை எஞ்சுமாறு நிறுத்தத் தெரிந்த கையே தேர்ந்த கை; தெளிந்த கல்லை அறுப்பதைவிட இது கடினமான வேலை என்பதில் ஐயமில்லை.

கூலியோ எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், ஒரு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. இத்தொழிலின் மறைந்த ஆபத்து தூசி. உலர்ந்த நிலையில் குவார்ட்ஸைத் தேய்த்தால் கிளம்பும் நுண்துகள் நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் என்னும் ஆறாத நோயைத் தருகிறது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணி செய்வோரிடையே இந்நோய் பரவியிருப்பதை அகமதாபாதிலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது. இத்தூசியை அடக்க, சாணையின்மேல் நீர் சொட்டிக்கொண்டே இருக்கச் செய்வதும் தூசியை உறிஞ்சும் விசிறி வைப்பதும் பெரும் செலவுடையவை அல்ல.

சேகரிப்பாளர் ஒரு கல்லுக்குத் தரும் விலையில் கணிசமான பங்கு, அது எவ்வூரில், எவ்வகைப் பாறையில் கிடைத்தது என்ற குறிப்புக்கு உரியது. கொங்கு மண்ணின் கற்கள் அக்குறிப்பு இன்றியே கைமாறுவதால், வெளியூர்ச் சந்தையில் அவை பெயரற்ற கற்களாகிவிடுகின்றன. அனுமதியின்றித் தோண்டுவது சட்டப்படி குற்றம். ஆனால் பட்டறையில் அழுக்கென்று ஒதுக்கிய படிகத்தை எறியாமல், வந்த ஊரின் பெயரை ஒரு சீட்டில் எழுதி உடன் வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. கல் வாங்குவோர் அச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.