மீதி இரண்டு

பெண் பார்க்கப் போன இடங்களிலெல்லாம் அம்மா என்னைப் பற்றி இரண்டே வாக்கியம்தான் சொல்வாள். "பையன் எம்.எஸ்சி. கணிதம். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை." மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பதை இந்த இரண்டில் எதோடு சேர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிடுவாள்.

கணக்குப் பைத்தியம் எனக்குப் பிறவியிலேயே இருந்தது. மிருதங்கம் அப்பாவின் ஆசை. இரண்டும் ஒன்றுதான் என்று காட்டியவர் மிருதங்க வாத்தியார்.

"ஆதி தாளத்துல எட்டு அட்சரம். அட்சரத்துக்கு நாலு மாத்திரை. மொத்தம் எவ்வளவுடா?"

"முப்பத்திரண்டு சார்."

"மூணால வகு."

"பத்து. மீதி ரெண்டு."

"அந்த ரெண்டை என்ன பண்ணுவே?"

பள்ளிக்கூடத்தில் என்றால் மீதியை ஓரமாக எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். வாத்தியார் தொடையில் தட்டிக் காட்டினார். 'ததிங்கிணதொம்' இரண்டு தடவை, 10 மாத்திரை. ஒரு மாத்திரை சும்மா இருந்தார். மறுபடி பத்து, மறுபடி ஒன்று சும்மா. மூன்றாவது பத்து முடிந்த கையோடு தாளம் கச்சிதமாகச் சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், வந்து விழுந்தது. மூன்று தடவை வாசித்தால் நடுவில் இடைவெளி இரண்டு, மீதியும் இரண்டு! "இதுதாண்டா கார்வை. வாசிக்காத இடத்தையும் எண்ணணும்" என்றார்.

குழுவில் இந்த ஞானத்துக்கு மரியாதை கிடையாது. "ச-வோட அதிர்வெண்ணைப் போல ப 1.5 மடங்கு இருக்கணும் அண்ணே. உங்க கீபோர்டுல 1.498தான் வருது" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். கீபோர்டு அண்ணன் முறைத்தார். ஒன்றரை மடங்காகப் பன்னிரண்டு தடவை ஏறினால் ஏறக்குறைய 129.7 மடங்கு; ஏழு ஸ்தாயி ஏறினால் 128 மடங்குதான். இடிக்கிற அந்த மிச்சத்தை ஒரே சுரத்தின் தலையில் கட்டாமல், பன்னிரண்டு கட்டைக்கும் சமமாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். எங்கள் வாத்தியார் செய்ததும் இதே வேலைதான் என்று நான் உருகிக்கொண்டிருந்தபோது, "இரண்டின் பன்னிரண்டாம் மூலம்னு இன்னொரு தடவை சொன்னே, மைக்கை ஆஃப் பண்ணிடுவேன்" என்றார்.

நான் பேராசிரியராகவும் இல்லை, சினிமா வாசிப்பாளராகவும் இல்லை. பகலில் டியூஷன், திருவிழாக் காலத்தில் மேடை. எதிலும் முழுசாக வகுபடாத ஆள் என்று சொந்தக்காரர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் மீதியை எங்கே வைப்பது என்று தெரிந்தவனுக்குக் கணக்கும் உதைக்காது, வாழ்க்கையும் உதைக்காது. மீதி வந்ததும் முகம் வாடுகிற பிள்ளைகளுக்கு பெஞ்சில் தட்டிக் காட்டுகிறேன். சிரித்துக்கொண்டே அடுத்த கணக்கைக் கேட்கிறார்கள்.

குழுத் தலைவரிடம் மட்டும் இது செல்லுபடியாகவில்லை. மழையில் கச்சேரி பாதியில் நின்றால் பாதிச் சம்பளம் என்பது அவர் சட்டம்.

"வாசிக்காத நேரத்துக்கு எதுக்குய்யா காசு?"

"கார்வையும் கணக்குல சேர்த்திதான் அண்ணே."

இந்தக் கணக்கு மட்டும் இன்னும் சமத்துக்கு வரவில்லை.